ஜாயின்ட் ஏன் விட்டுப்போகிறது? பிரிந்த இடத்தைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மூட்டு விட்டுப்போனால் உடனே பசை டப்பாவைத்தான் எல்லாரும் தேடுவோம். கொஞ்சம் பொறுங்கள். பிரிந்து வந்த இரண்டு முகங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என்ன தப்பு நடந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் பசை கண்ணாடி மாதிரி பளபளவென்று காய்ந்திருக்கிறது, மறுபக்கம் வெறும் மரம் என்றால், பசை அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை, அல்லது தொடுவதற்குள் ஆடை கட்டிவிட்டது. மரநார் பிய்ந்து எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் தாங்கவில்லை. கட்டை மெலிசாக இருக்கும், இல்லாவிட்டால் நார் தப்பான திசையில் ஓடும். இரண்டு பக்கமும் வறண்டு லேசான கறை மட்டும் தெரிந்தால், பசையை மரம் குடித்துவிட்டது என்று அர்த்தம்.

நான் முதன்முதலில் செய்த ஸ்டூல் அம்மா காய் நறுக்க உட்காருவதற்காக. நாலு கால், மேலே ஒரு பலகை, காலின் தலையில் பசை, பலகைக்கு மேலிருந்து காலுக்கு ஒரு ஸ்க்ரூ. மூன்று மாதத்தில் ஒரு கால் கழன்றது. தெருவில் இருந்த தச்சரிடம் கொண்டுபோனேன். அவர் மற்ற மூன்று கால்களையும் கையாலேயே இழுத்துப் பிடுங்கி வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு, “தம்பி, இது எதுவும் பிடிக்கவே இல்ல. சும்மா பக்கத்துல நின்னுருக்கு” என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் நாலு காலின் தலையும் வறண்டு, லேசான பசைக் கறை மட்டும் இருந்ததைப் பார்த்தபிறகு பேச ஒன்றுமில்லை. கீழே எழுதியிருப்பதில் பாதி அவர் திண்ணையில் உட்கார்ந்து கற்றது, மீதி மரத்தைக் கெடுத்துக் கற்றது. பெரிய மெஷின் எதுவும் தேவைப்படாது. கை டிரில் ஒன்று, அரை இன்ச்சிலும் கால் இன்ச்சிலும் இரண்டு உளி, பல் பொடியாக இருக்கும் ரம்பம், 90 டிகிரி பார்க்கும் மூலமட்டம், நாலு கிளாம்ப் இருந்தால் போதும்.

பசை போட்ட இடம் அப்படியே கழன்று வருகிறது

முதல் கேள்வி: எந்த முகத்தை எந்த முகத்தோடு ஒட்டினீர்கள்? மரம் என்பது மெல்லிய குழல்களைக் கட்டாகக் கட்டி வைத்த மாதிரி. கட்டையைக் குறுக்கே அறுத்தால் தெரிவது அந்தக் குழல்களின் வாய். இதை வெட்டுமுகம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தடவும் பசை குழலுக்குள் இறங்கிவிடும், மேலே ஒன்றும் மிஞ்சாது. நார் நீளவாக்கில் ஓடும் பக்கமுகத்தை இன்னொரு பக்கமுகத்தோடு ஒட்டினால், சாதாரண வெள்ளைப் பசையே மரத்தை விட வலுவாகப் பிடிக்கும். உடைத்துப் பார்த்தால் ஒட்டிய கோட்டை விட்டுவிட்டு பக்கத்தில் மரம்தான் உடையும். என் ஸ்டூலின் கால்கள் நாலும் வெட்டுமுகத்தில் நின்றவை. ஸ்க்ரூவும் வெட்டுமுகத்துக்குள்தான் இறங்கியிருந்தது. அங்கே மரை நாரை நீளவாக்கில் நறுக்கிக்கொண்டு போகும், அதனால் பிடிப்பு குறைவு. ஆக இரண்டும் வீண்.

நாக்கு (கட்டையின் முனையை மெலிசாக்கி எடுப்பது), துளை (அந்த நாக்கு நுழையும் குழி), பாதிவெட்டு என்று தச்சர்கள் செய்யும் அத்தனை வேலையும் பக்கமுகம் பக்கமுகத்தைத் தொடும்படி செய்யத்தான். கைக்கு எளிதானது பாதிவெட்டு, அதாவது இரண்டு கட்டையிலும் பாதிக் கனத்தை எடுத்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று படியவைப்பது. ரம்பமும் உளியும் இருந்தால் ஒரு சனிக்கிழமைக்குள் கை பழகிவிடும். கதவுச் சட்டம், படச் சட்டம், செடி ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் இது போதும்.

படச் சட்டத்தின் 45 டிகிரி மூலை மாதிரி வெட்டுமுகத்தை ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து முதலில் ஒரு பூச்சு பூசிவிடுங்கள், குழல் குடிக்கட்டும். சில நிமிடம் கழித்து நீர் கலக்காத பசையைப் பூசிச் சேருங்கள். முன்னைக்கு இது பரவாயில்லை, ஆனால் எடை தாங்கும் இடத்தில் இதை நம்பாதீர்கள்.

முகம் சரியாக இருந்தும் விட்டுப்போனால் அடுத்து ஃபேனைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மே மாத மதியத்தில், சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓட, ஆறு மூட்டுக்கும் வரிசையாகப் பசை தடவிவிட்டு முதல் மூட்டுக்குத் திரும்பி வருவதற்குள் அதன் மேல் பாலாடை மாதிரி ஏடு படிந்திருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் மறுபக்கத்தில் இறங்காது. பளபளப்பு இப்படித்தான் வருகிறது. ஃபேனை நிறுத்துங்கள், இரண்டிரண்டு மூட்டாகச் செய்யுங்கள், எல்லாவற்றையும் முதலில் பசையில்லாமல் ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். பசை தடவியபிறகு கிளாம்பைத் தேடி வீடு முழுக்க அலைந்தவனாகச் சொல்கிறேன்.

தேக்கில் இன்னொரு தொல்லை உண்டு. அதில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, அறுத்து நாளாகிவிட்டால் அது மேற்பரப்புக்கு ஏறிவிடும். ஒட்டுவதற்குச் சற்றுமுன் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு இழுத்து, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி பழுப்பாவதைப் பார்ப்பீர்கள். அது ஆவியானதும் தாமதிக்காமல் பசை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்புக்குத் தூரமாகச் செய்யுங்கள். பழைய கட்டையாக இருந்தால் வார்னிஷ், பாலிஷ் எதன்மேலும் பசை ஒட்டாது, மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும்.

கிளாம்பை வெறி பிடித்தவன் மாதிரி முறுக்குவதும் தப்புதான், பசை முழுக்க வெளியே போய்விடும். ஓரத்தில் சிறுசிறு முத்தாக எட்டிப் பார்த்தால் போதும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு எடுக்கலாம், ஆனால் எடை போட ஒருநாள் முழுக்கப் பொறுங்கள். கிளாம்ப் இல்லையா? சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் பழைய டியூபை ஒரு இன்ச் அகல நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றினால் நாற்காலி மாதிரி கோணல்மாணலான உருப்படிக்கு இரும்புக் கிளாம்பை விட நன்றாகப் பிடிக்கும். சட்டத்துக்கு, சுற்றிலும் கயிற்றைக் கட்டி நடுவில் குச்சி விட்டு முறுக்குங்கள். அகலப் பலகைகளைச் சேர்க்க, ஒரு பழைய பலகையில் இரண்டு கட்டையை ஆணியடித்து நிறுத்தி, இடையில் எதிரெதிராக இரண்டு ஆப்பை வைத்துத் தட்டினால் அதுவே கிளாம்ப்.

ஸ்டூல், நாற்காலி ஆடுகிறது

முதலில் அதை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். தரை டைல்ஸ் சரியில்லாத வீட்டில் மூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சமையலறை கிரானைட் மேடை ஓரளவு சமமாக இருக்கும், அதன்மேல் வைத்துப் பாருங்கள். அங்கேயும் மூன்று கால்தான் தொடுகிறது, ஆனால் எந்த மூட்டும் அசையவில்லை என்றால், ஒரு கால் நீளம், அவ்வளவுதான். தூக்கி நிற்கும் காலுக்குக் கீழே அட்டை மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு சின்னக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து நாலு காலையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு போட்டு, கோட்டோடு அறுத்துவிடுங்கள். ஒரு காலை மட்டும் குத்துமதிப்பாக அறுத்தால் ஸ்டூல் மணையாகிற வரைக்கும் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூட்டுதான் அசைகிறது என்றால், அதைப் பிரித்தே ஆகவேண்டும். இடுக்கில் பசையை ஊற்றி நிரப்புவது வேலைக்காகாது, ஏனென்றால் காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புது வெள்ளைப் பசை பிடிக்காது. பிரிக்க வரவில்லையா, வினிகரைச் சூடாக்கி மூட்டைச் சுற்றிப் பஞ்சில் நனைத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள், பழைய பசை இளகியிருக்கும். அப்புறம் கொட்டாப்புளியால், அடியில் ஒரு கட்டை கொடுத்து, மெல்லத் தட்டுங்கள்.

தாத்தா காலத்து நாற்காலி என்றால், உள்ளே பழுப்பாக, நொறுங்குகிற மாதிரி ஒன்று தெரியும். அது வச்சிரம், மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும், பழைய வச்சிரத்தின் மேலேயே புது வச்சிரம் பிடிக்கும். அந்தக் காலத்து நாற்காலிகளைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்ட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வசதியை நாம் ஃபெவிகாலிடம் எதிர்பார்க்க முடியாது.

பிரித்தபின் பசையைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவந்துவிட்டு, நாக்கைத் துளையில் வெறுமனே செருகிப் பாருங்கள். கையால் தள்ளினால் கொஞ்சம் முரண்டு பிடித்துப் போகவேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக்கூடாது. தொளதொளவென்று இருந்தால் எத்தனை ஒசத்தியான பசையும் உதவாது. வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பும் சரக்கு இல்லை. காயும்போது தண்ணீர் போய்ச் சுருங்கிவிடும், நடுவில் வெற்றிடம்தான் மிஞ்சும். இழைப்புளியில் வரும் நீளச் சுருளை எடுத்து நாக்கின் கன்னத்தில், அதாவது அதன் தட்டைப் பக்கத்தில் ஒட்டுங்கள், போதாவிட்டால் இரண்டு. காய்ந்ததும் இழைத்துச் சரிபார்த்துப் பொருத்துங்கள். இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் மட்டும் எபாக்சி, அதாவது அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலக்கும் பசை. அது காயும்போது அதிகம் சுருங்காது, நிரப்பவும் செய்யும். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பதைப் பலரும் செய்கிறார்கள். கண்ணுக்கு ஓட்டை மறையும், பிடிப்பு வராது.

என் ஸ்டூலுக்கு இரண்டாம் தடவை அந்தத் தச்சர் செய்யவைத்தது இது. காலின் தலையில் நாக்கு எடுத்து, பலகையை ஊடுருவி மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி துளை போட்டு, நாக்கின் நடுவில் ரம்பத்தால் ஒரு கீறல், அதில் பசையோடு ஒரு ஆப்பு. ஆப்பு இறங்க இறங்க நாக்கு மேலே விரிந்து, புறாவால் மாதிரி துளைக்குள் பூட்டிக்கொள்ளும். இதில் ஒரே ஒரு விஷயம் தப்பக்கூடாது: ஆப்பின் அகலம் பலகையின் நாருக்குக் குறுக்காக இருக்கவேண்டும். நாரோடு சேர்ந்து வைத்து அடித்தால் பலகை விறகு மாதிரி பிளந்துவிடும். நான் முதல் காலில் அப்படித்தான் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆப்பைப் பிடுங்கி, கீறலோடு சேர்த்துக் காலையே 90 டிகிரி திருப்பி வைத்தார்.

பசையையே நம்பவேண்டாம் என்றால் மூங்கில் ஆணி இருக்கிறது. நாக்கைச் செருகியபின் துளையின் பக்கவாட்டில் ஓட்டை போடுவார்கள், தெரியும். அதில் ஒரு சூட்சுமம்: முதலில் நாக்கைச் செருகாமல் வெளிக்கட்டையில் மட்டும் ஓட்டை போடுங்கள். அப்புறம் நாக்கைச் செருகி, அதே ஓட்டை வழியாக டிரில் முனையால் நாக்கில் ஒரு புள்ளி வையுங்கள். வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து அரை நூல் தோள் பக்கமாக, அதாவது நாக்கு தொடங்கும் படியின் பக்கமாகத் தள்ளி நாக்கில் ஓட்டை போடுங்கள். (நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒன்று, மரக்கடையில் பேசும் கணக்கு.) இப்போது இரண்டு ஓட்டையும் நேராக இருக்காது. முனை சீவிய மூங்கில் ஆணியை அடிக்கும்போது அது வளைந்து நுழைந்து, நாக்கை உள்ளே இழுத்துத் தோளை இறுக்கிவிடும். கிளாம்பே வேண்டாம். முற்றிக் காய்ந்த மூங்கிலாக இருக்கட்டும், பச்சையானது சுருங்கித் தளர்ந்துவிடும்.

தோளில் இடைவெளி தெரிகிறது, நாக்கு கடைசிவரை இறங்கவில்லை

கிளாம்பைப் போட்டு நெருக்குவதற்கு முன் துளையின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். பல நேரம் நாக்கின் முனை அடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். துளை, நாக்கின் நீளத்தை விட அரை நூலாவது ஆழமாக இருக்கவேண்டும், பசை தேங்கவும் அந்த இடம் உதவும். ஆழம் சரியாக இருந்தும் இறங்காவிட்டால், அடைபட்ட பசை உள்ளேயிருந்து தள்ளுகிறது. நாக்கில் ஒரு சின்னக் கீறல் போட்டு அதற்கு வழிவிடுங்கள்.

இதெல்லாம் இல்லை, தோள் ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் திறந்து நிற்கிறது என்றால், தப்பு அறுக்கும்போது நடக்கவில்லை, கோடு போடும்போதே நடந்துவிட்டது. மழுங்கின பென்சில் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கோட்டின் எந்தப் பக்கம் அறுக்கிறோம் என்று நமக்கே தெரியாது. கத்தி முனையால் கோடு கிழியுங்கள். கட்டர் பிளேடு போதும். கத்தி நாரை அறுத்துவிடுவதால் ஓரமும் பிய்யாது, பின்னால் உளி அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும்.

மூலமட்டமே பொய் சொல்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள். நேர் ஓரமுள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு, அதே இடத்தில் மட்டத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் நல்ல மட்டம். மேலே போகப்போக விலகினால், விலகலில் பாதிதான் அதன் பிழை, ஆனாலும் அது தச்சு வேலைக்கு ஆகாது. நான் கடையிலேயே நின்று, ஒரு பிளைவுட் துண்டை வாங்கி, நாலு மட்டத்தை இப்படிச் சோதித்து ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் முறைத்தார்.

நாக்கின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை இன்ச் கட்டைக்கு நாலு நூல் நாக்கு, நம்மிடம் இருக்கும் அரை இன்ச் உளியின் அகலம்தான் அது. துளையை உளியின் அகலத்துக்கே போட்டுவிட்டு, அதற்கு ஏற்ப நாக்கை இழைத்து இறக்குங்கள். மாற்றிச் செய்தால் துளையைத் திருத்துவது பெரும்பாடு.

உளி வெட்டாமல் நசுக்குகிறது

துளையின் சுவர் பொருபொருவென்று இருக்கிறது, மாமரத்திலோ பேக்கிங் பைனிலோ வெட்டுமுகம் நொறுங்கிக் குழியாகிறது என்றால், உளி மழுங்கியிருக்கிறது. புது உளியும் கடையிலிருந்து வரும்போது மழுங்கித்தான் வரும். கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய தடிக் கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி, பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரில் 400, 1000, 2000 நம்பரை அதன்மேல் தண்ணீர் தெளித்து ஒட்டவைத்தால் சாணை ரெடி. முதலில் உளியின் முதுகைத் தட்டையாக்குங்கள், முனையிலிருந்து ஒரு இன்ச் வரை கண்ணாடி மாதிரி ஆகும்வரை, இது ஒருமுறைதான். அப்புறம் சாய்வுப் பக்கம், சுமார் 25 முதல் 30 டிகிரி. மறுபக்கம் நகத்தில் நிரடுகிற மாதிரி மெல்லிய பிசிறு எழும்பினால் அடுத்த தாளுக்குப் போகலாம். கடைசியில் பழைய பெல்ட் தோலில் பின்னோக்கி நாலு இழுப்பு. பைனின் வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள், தூளாகாமல் சுருளாக வந்தால் தீட்டியது போதும்.

டவல் (dowel, இரண்டு கட்டையை இணைக்கும் உருண்டை மரக் குச்சி) ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை

இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து ஓட்டை போட்டால் வராது, யாருக்கும் வராது. ஒரு பக்கத்தில் டவல் வரவேண்டிய இடத்தில் சின்ன ஆணியைப் பாதி இறக்கி, தலையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுங்கள். மறுகட்டையைச் சரியான இடத்தில் வைத்து அழுத்தினால் ஆணி முனை அங்கே புள்ளி குத்திவிடும். ஆணியைப் பிடுங்கிவிட்டு இரண்டு புள்ளியிலும் துளையிடுங்கள். சாதாரண இரும்பு டிரில் பிட் நாரோடு வழுக்கி நகரும், அதனால் நடுவில் ஊசி முனை இருக்கும் மரப் பிட் வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆழத்துக்குப் பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்தால் போதும். 18 மில்லிமீட்டர் பலகைக்கு 8 மில்லிமீட்டர் டவல். வழவழப்பான குச்சியாக இருந்தால் பிளேயரால் அங்கங்கே கடித்து வரிவரியாக்குங்கள், பசை ஏறிவர அதுதான் வழி. இல்லாவிட்டால் அடிக்கும்போது அடியில் சிக்கிய பசை கட்டையையே பிளந்துவிடும்.

ஸ்க்ரூ போட்டால் மரம் பிளக்கிறது, அல்லது ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது

பிளப்பதற்கு மருந்து முன்ஓட்டை. ஸ்க்ரூவின் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் தடிமன் என்னவோ, அதே அளவு பிட். கண்ணுக்கு நேரே பிட்டை ஸ்க்ரூவின் முன்னால் பிடித்தால் தண்டு மறையவேண்டும், மரை இரண்டு பக்கமும் தெரியவேண்டும். மேல்கட்டையில் மட்டும் ஸ்க்ரூ தடையில்லாமல் நழுவிப் போகும் அளவுக்குப் பெரிய ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கட்டைக்கும் நடுவில் இடைவெளி அப்படியே பூட்டிக்கொள்ளும். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூ விலை குறைவுதான், ஆனால் அதன் இரும்பு கடினமானது, வளையாது. வேங்கை, தேக்கு மாதிரி மரத்தில் முன்ஓட்டை இல்லாமல் ஏற்றினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும்.

ஓட்டை தளர்ந்து ஸ்க்ரூ சுற்றினால், பெரிய ஸ்க்ரூவுக்குத் தாவவேண்டாம். ஓட்டையை 8 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, பசையோடு ஒரு மரக் குச்சியை அடித்து அடைத்து, மறுநாள் புதிதாக முன்ஓட்டை போடுங்கள். அவசரத்துக்குப் பசையில் தோய்த்த பல்குச்சி நாலைந்தும் பரவாயில்லை.

சாய்வாக ஓட்டை போடும் பாக்கெட் ஹோல் ஜிக் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. சுமார் 15 டிகிரி சாய்வில் போவதால் ஸ்க்ரூ மறுகட்டையின் பக்கமுகத்தில் பிடிக்கும், அதுதான் அதன் பலம். 18 மில்லிமீட்டர் பலகைக்கு 30, 32 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கவேண்டும். கூம்புத் தலை உள்ளதைப் போட்டால் ஆப்பு மாதிரி இறங்கி ஓரத்தைப் பிளக்கும்.

சட்டம் கோணலாகிவிட்டது

பசை காய்வதற்குள் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளக்கவேண்டும். மூன்றடிக்கு நாலடி சட்டம் என்றால் இரண்டுமே ஐந்தடி வரவேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்தப் பக்க மூலைகளுக்குக் குறுக்கே கிளாம்பைப் போட்டு மெல்ல நெருக்குங்கள். காய்ந்துபோன பிறகு கண்டுபிடித்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, கோணலுக்கு ஏற்றபடி பலகையை அறுத்துப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருங்கள்.

மே மாதம் சரியாக இருந்தது, ஐப்பசியில் கதவு பிடிக்கிறது. அல்லது பலகை நடுவில் வெடித்துவிட்டது

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். ஒரு அடி அகலப் பலகை வருஷத்துக்குள் முக்கால் நூல், ஒரு நூல் வரை கூடிக் குறையும். அதை நாலு பக்கமும் பசையும் ஆணியும் போட்டு இறுக்கினால் எங்காவது வெடித்துத்தான் ஆகும். கதவில் நடுப்பலகையைக் காடிக்குள், அதாவது சட்டத்தில் எடுத்த நீளப் பள்ளத்துக்குள், பசையில்லாமல் மிதக்கவிடுவது இதற்காகத்தான். மேஜைப் பலகையை அடிச்சட்டத்தோடு சேர்க்கும்போது ஸ்க்ரூ ஓட்டையை உருண்டையாகப் போடாமல், பலகையின் அகலத் திசையில் நீள்வட்டமாக்கி வாஷர் போட்டுப் பூட்டுங்கள்.

சா மில்லில் புதிதாக அறுத்த வேம்பு, மா என்றால் எந்த மூட்டும் நிற்காது, நாக்கு சுருங்கித் துளைக்குள் ஆடும். ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதிவையுங்கள், வாரம் ஒருமுறை பாருங்கள். எடை இறங்குவது நின்றபிறகு வேலையைத் தொடங்குங்கள். பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் ஏற்கனவே காய்ந்ததுதான், மலிவும்கூட, ஆனால் முத்திரையில் எம்.பி. (MB) என்றிருந்தால் அது மெத்தில் புரோமைடு புகை போட்டது, வாங்கவேண்டாம். ஹெச்.டி. (HT) என்றால் சூடேற்றியது, தாராளமாக எடுக்கலாம்.

பார்ட்டிக்கிள் போர்டு பீரோ, ஸ்க்ரூ இருந்த இடமே பிய்ந்து வந்துவிட்டது

இதில் நாரே கிடையாது, தூளை அழுத்திய பலகை. ஈரம் பட்டு ஒருமுறை உப்பியது திரும்பாது. உப்பாமல் வெறும் ஓட்டை மட்டும் பிய்ந்திருந்தால், தூளைத் தட்டிவிட்டு எபாக்சியை நிரப்பி, காய்ந்ததும் முன்ஓட்டை போட்டு அதே ஸ்க்ரூவை ஏற்றலாம். கீலுக்கு இது சில வருஷம் தாங்கும். உப்பியிருந்தால் அந்த ஒரு பலகையை அளவெடுத்து 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டித் தரச்சொல்லுங்கள், பிளைவுட் கடையிலேயே மெஷின் வைத்திருப்பார்கள். பழைய பலகையைத் தூக்கிப்போடுவதற்கு முன் அதைப் புதியதன் மேல் வைத்து ஓட்டைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.